கூரைமேல் போகும் குறுக்குப் பாதை

தெமோதரை
20.10.2003

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய லீலா அக்காவுக்கு,

தங்கை யோகமலர் பணிவுடன் எழுதுவது. இங்கு நான் சுகம். சுற்றியிருக்கும் தேயிலையும் சுகம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் நெஞ்சுப் படபடப்பும் ஒன்றையொன்று சுகம் விசாரித்துக்கொண்டு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நீங்கள் இங்கே வந்து என்னோடு இருப்பதென்று முடிவு செய்தோமே, அதைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள். வெள்ளவத்தை வீட்டுக்காரரிடம் கெஞ்சியாவது தைப்பொங்கல் வரை அந்த அறையில் இருந்துகொள்ளுங்கள். காரணத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சொல்லாவிட்டால் தங்கச்சிக்கு நான் பாரமாகிவிட்டேன் என்று அழுவீர்கள். ஆகவே சொல்கிறேன். உங்களுக்கென்று கட்டிய அறையின் கூரைமேல் ஆட்கள் நடக்கிறார்கள்.

உருவகமாகச் சொல்லவில்லை. செருப்புக் காலோடு நடக்கிறார்கள்.

பதுளையில் இத்தனை காலம் புவியியல் படிப்பித்துவிட்டு, ஐம்பதை எட்டுமுன்பே ஓய்வெடுத்தவள் சும்மா இருந்திருக்கலாம். மண்ணரிப்பு, காடழிப்பு, சுற்றாடல் என்று வகுப்பில் பேசிப் பேசிக் கடைசியில் என் பேச்சை நானே கேட்டுவிட்டேன். என் மாணவிகளில் ஒருத்திகூட இதுவரை செய்யாத பிழை அது. சீமெந்து கூடாது, அஸ்பெஸ்டஸ் கூடாது, இரும்பு கூடாது என்று தீர்மானித்து, மலைச்சரிவைக் குடைந்து, மலையையே பின்சுவராக வைத்து, மற்றச் சுவர்களை மண்ணால் எழுப்பி, யூக்கலிப்டஸ் மரங்களைக் குறுக்கே போட்டு, மேலே மூங்கில் பரப்பி, அதன்மேல் மண் கொட்டி, மண்ணில் புல்லும் வளர்த்தேன். பின்னால் நின்று பார்த்தால் மலை எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வீடு மலையோடு கலந்துவிட்டது என்று உங்களுக்குப் பெருமையாக எழுதியது நினைவிருக்கும். கலந்துதான் விட்டது. நிலத்தின் வரைபடத்தை, சமவுயரக் கோடுகள் உட்பட, நானே வரைந்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்திலிருந்து ரயில் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஒற்றையடித் தடம் அந்தக் கோடுகளைக் குறுக்கறுத்துப் போவதையும் கண்டேன். ஆட்டுத்தடம் என்று நினைத்தேன். சிறப்புப் பட்டம் பெற்றவளல்லவா, ஒருவரையும் கேட்கவில்லை.

குடிபுகுந்த வாரம், காலைத் தேநீரோடு இருக்கிறேன், தலைக்கு மேல் தடதடவென்று சத்தம், தேநீருக்குள் ஒரு சிட்டிகை மண். வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தால், மேல் லயத்து றோசாலி பையும் குடையுமாகக் கூரையில் நிற்கிறாள்.

"டீச்சரம்மா, எந்திரிச்சிட்டீங்களா? பண்டாரவளைக்குப் போறேங்க. ஏதாச்சும் வாங்கியாரணுமா?"

"றோசாலி, நீங்கள் நிக்கிறது என்ர கூரை."

"ஆமாங்க, எம்புட்டு நல்லா இருக்கு! முன்னாடி இந்த எடத்துல வழுக்கி வழுக்கி விழுவோம். போன மழையில எங்க மாமியாருக்கு இடுப்பே போச்சு. இப்ப மெத்தை மாதிரி இருக்குங்க. தோட்டத்துத் தொரை செய்யாதத டீச்சர் செஞ்சு குடுத்தாங்கன்னு லயமே பேசுது. நீங்க நல்லா இருக்கணும்!"

நன்றி சொல்லி வாழ்த்தும் ஒருத்தியிடம் இறங்கிப் போ என்று எப்படிச் சொல்வது? கொஞ்சம் கரட் வாங்கிவரச் சொன்னேன்.

பிறகு றோசாலியின் கணவர் மத்தேயுவைப் பிடித்தேன். இந்த வீட்டைக் கட்டிய மேசன் அவர்தான். தொடக்கத்திலிருந்தே சீமெந்துக் கட்சி. "மண்ணு வீட்டுலேர்ந்து தப்பிக்கத்தான் நாங்க பாடுபடுறோம், நீங்க காசு குடுத்து உள்ள போறீங்களே" என்று ஒவ்வொரு கூடை மண்ணுக்கும் ஒரு பெருமூச்சு விட்டவர்.

"பாதையென்று எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?" என்றேன்.

"பாதைன்னு தெரியாமலா கட்டுவீங்கன்னு நெனச்சேங்க. படிச்சவங்க, ஏதாச்சும் திட்டம் வச்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

என்ன செய்யிறது அக்கா, பேச வேண்டிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. அதனால் வேலி போட்டேன். முள்ளுக்கம்புகளை வெட்டிக் கூரையின் இரு பக்கமும் அடைத்தேன். மறுநாள் காலை ஒரு சத்தமும் இல்லாமல் விடிந்தது. நிம்மதியாக எட்டிப் பார்த்தால், வேலைக்குப் போகிறவர்கள் கம்புகளை மெதுவாக விலக்கி, கூரையில் நுனிக்காலில் நடந்து, அந்தப் பக்கம் போனதும் திரும்ப ஒழுங்காக அடைத்துவிட்டுப் போகிறார்கள். "வேலி நல்லதுங்க டீச்சர், இனி மாடு ஏறாது" என்று ஒரு பெரியவர் பாராட்டினார். ஆமாம், மாட்டுக்காகத்தான் என்றேன்.

இவையெல்லாம் நான் தாங்கிக்கொண்டவை. தாங்க முடியாதது நேற்று மாலை நடந்தது. லயத்தில் பாதிப்பேர் கத்தோலிக்கர். ஒக்டோபர் அவர்களுக்குச் செபமாலை மாதம். மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பாட்டும் மெழுகுதிரியுமாக வீடு வீடாகப் போய் ஒவ்வொரு வீட்டிலும் நின்று செபிப்பார்கள். நான் சைவக்காரி, என் வீட்டைத் தாண்டிப் போவார்கள் என்று இருந்தேன். தாண்டித்தான் போனார்கள், மேலால். நடுக்கூரையில் அவர்கள் கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் ஜெசிந்தனின் குரல் கேட்டது: "நம்ம டீச்சர் தனியா இருக்காங்க, அவங்களுக்காகவும் சொல்லிட்டுப் போவோம். எல்லாரும் முழங்கால் போடுங்க." எல்லாரும் போட்டார்கள். யூக்கலிப்டஸ் முனகியது. என் சாமித்தட்டில் மண் கொட்டியது. உங்கள் அறைக்குள் ஓடினேன். உங்கள் கட்டிலுக்கு நேர் மேலே மூங்கிலைப் பிளந்துகொண்டு ஒரு முழங்கால் உள்ளே வந்து, பின்னால் பாதமும் வந்து தொங்கியது.

"டீச்சர், மன்னிச்சுக்கங்க, என் காலு அங்க இருக்குங்களா?" மத்தேயுவின் குரல்.

"இருக்கு."

"அடிபட்டிருக்கா பாருங்க."

செபம் நிற்கவில்லை. அந்நிய ஆணின் பாதத்தைத் தொட்டுப் பழக்கமில்லாத நான், கட்டிலில் ஏறி நின்று, இரண்டு கையாலும் அதை மேலே தள்ளினேன். "நான் அப்பவே சொன்னேன், சீமெந்து போட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்றது ஓட்டை. என் தனிமைக்காகச் செய்த வேண்டுதல் முடியும்போது, எனக்கு அந்தத் தனிமையைப்போல வேண்டியது உலகில் வேறொன்றும் இல்லையென்று பட்டது.

சிரியாதையுங்கோ. மழை எந்த நேரமும் தொடங்கலாம். ஓட்டை உங்கள் தலைமாட்டில். ஊரில் ஷெல் விழுந்த நம் வீட்டுக்குச் சுவர் இருக்கிறது, கூரை இல்லை. இங்கே கூரை இருக்கிறது, அது பொதுப்பாதை. எட்டு வருடமாகப் பிறர் வீட்டு அறையில், குழாய்த் தண்ணீருக்கும் நேரம் கேட்டு வாழும் உங்களுக்கு, கேட்காமல் இருக்க ஓர் அறை தரவேண்டும் என்பதுதான் என் மொத்தத் திட்டமும். சுற்றாடல் அதற்குப் போட்ட சட்டை. அந்த அறையில்தான் ஓட்டை. ஆகையால் பண்டாரவளையில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன்: சீமெந்துச் சுவர், அஸ்பெஸ்டஸ் கூரை, ஒருவர் தலையில் ஒருவர் நடக்காத கண்ணியமான அயல். அது சரிவரும் வரை நீங்கள் வரவே வேண்டாம்.

வீட்டுக்கார அம்மாவுக்கு என் வணக்கத்தை, அவ கோபமில்லாத நேரம் பார்த்துச் சொல்லுங்கள். மருந்தைத் தவறவிடாதீர்கள். நல்லூரான் உங்களைக் காக்கட்டும்.

என்றும் உங்கள் சொல் கேட்காத தங்கை,
யோகமலர்

பி.கு. ஒட்டிய கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். தபாலில் போடத்தான் புறப்பட்டேன். கீழ்ப்பாதை சுற்று, தபால் பை கட்டும் நேரமும் நெருங்கிவிட்டது, கூரையால் போனேன். ஒன்றும் பேசாதையுங்கோ. நல்ல பாதைதான். நடுக்கூரையில் தபால்காரர் எதிரே வந்து உங்கள் கடிதத்தைத் தந்தார். வீட்டுக்காரர் மாதம் முடியும் வரைகூடப் பொறுக்கவில்லை என்றும், அலுமாரியை ரயிலில் ஏற்றிவிட்டீர்கள் என்றும், அடுத்த புதன் நீங்களும் வருகிறீர்கள் என்றும் அங்கேயே நின்று வாசித்தேன். வாங்கோ அக்கா. மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்கவேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் தாளும் மரம்தானே. நான் திரும்பி வருவதற்குள் ஓட்டையை மத்தேயு அடைத்துவிட்டார். எதைக்கொண்டு என்று நான் கேட்கவில்லை. சாம்பல் நிறமாக இருக்கிறது. அலுமாரியை ஸ்டேஷனிலிருந்து தூக்கிவரச் செபமாலைக் கூட்டம் முழுவதும் வருவதாக ஜெசிந்தன் சொல்லிவிட்டார். எந்த வழியால் வருவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் உங்கள் அறை வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பேன். கூரை தாங்கினால் அன்றைக்கே அதன் கீழ் நிம்மதியாகப் படுக்கலாம். தாங்காவிட்டால், அலுமாரி நேரே அது நிற்கவேண்டிய இடத்திலேயே வந்து இறங்கும்.