ஓர்சாக்கில் இந்த ஆண்டு யார் கரடி?

அன்பும் மரியாதையும் நிறைந்த சொலாஞ்ச் அக்காவுக்கு,

துலூஸில் நீயும் அத்தானும் மூட்டுவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மிரேயும் நலம். நலமில்லாதது நம் ஊரின் பெயர் ஒன்றுதான்.

ஓர்ஸ் என்றால் கரடி, இடையன் மனைவியைக் கரடி தூக்கிப்போன இடம், அதனால்தான் ஓர்சாக் என்று நமக்குச் சொல்லி வளர்த்தார்கள் இல்லையா? அதை நம்பித்தானே பிப்ரவரிதோறும் விழாவில் ஒருவன் கரடி வேடத்தில் ஆட்டுத்தோல் போர்த்தி, எண்ணெயும் கரியும் பூசிக்கொண்டு, தெருத்தெருவாகப் பெண்களைத் துரத்தி முகத்தில் கரி அப்புகிறான்? போன வாரம் உங்கள் தெருப் பேராசிரியை பெரெனிஸ் ஊர்ப் பெயர்களை ஆராய இங்கே வந்தார். மேயர் லூசெத் ஊற்றிக் கொடுத்த ஒயினைக் குடித்துக்கொண்டே, "கரடியா? அதெல்லாம் கதைங்க. ரோமானியர் காலத்துல ஓர்சியஸ்னு ஒருத்தருக்கு இங்க பண்ணை இருந்திருக்கு, அவர் பேருதான் ஊருக்கு" என்று சொல்லி, ஆலிவ் கொட்டையைத் தட்டில் துப்பினார். லூசெத்துக்கு முகமெல்லாம் பிரகாசம். "அப்ப இந்த வருஷம் கரடி வேணாம்ப்பா, ரோமானியர் ஊர்வலம் விடலாம். கௌரவமா இருக்கும்!"

அக்கா, இந்த வருஷம் கரடி நான்! ஆண்டாண்டாகக் கசாப்புக்கடை பசீல்தான் கரடி, நான் கரடியைப் பிடிக்க ஓடும் வேட்டைக்காரர் வரிசையில் கடைசி ஆள். இப்போது அவன் கால் முறிந்துகிடக்கிறான். இரத்தத் தொத்திறைச்சி விருந்தில் எல்லார் முன்னாலும், "கிலேன், உனக்குத்தான்டா. தொப்பை தானா வந்துடுச்சு, தோலை மட்டும் மாட்டிக்கிட்டா போதும்" என்று கொடுத்துவிட்டான். அன்று முதல் கொட்டகையில் உறுமிப் பழகுகிறேன், கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன, எனக்குத் தூக்கமில்லை, சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே இருக்கிறேன், மிரேய் வேறு, "ஊர்ப் பேரு எங்கேருந்து வந்தா உங்களுக்கென்ன? ஒரு இடத்துல உட்காருங்களேன், தரை தேயுது!" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை மன்றம் கூடி முடிவெடுக்கும். அதற்குள் நான் அனுப்பியிருக்கும் வாத்துக்கறி ஜாடியோடு நீ அந்தப் பேராசிரியை வீட்டுக்குப் போ. "கரடியாகவும் இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். படித்தவர்களுக்கு 'இருக்கலாம்' என்று எழுதுவதில் என்ன கஷ்டம்?

உங்கள் கணப்பு அணையாமலும் அத்தானின் பசி குறையாமலும் இருக்கட்டும்.

உன் தம்பி,
கிலேன்

பி.கு.: வாத்தைக் கொண்டுபோகாதே, நீங்களே சாப்பிடுங்கள். லூசெத்துக்குப் பொறுமை ஏது, இன்றே மன்றத்தைக் கூட்டிவிட்டாள். பெண்கள் எல்லாரும் கொதித்தெழுந்து, "கரி பூச வர்றவனைத் திருப்பி மொத்த எங்களுக்கு இருக்கறதே அந்த ஒரு நாள்தான், அதையும் ரோமானியன் கொண்டுபோகணுமா?" என்று கேட்டு, கரடி பிழைத்தது. நான் தோலைப் போர்த்திக்கொண்டு மேசைமேல் ஏறி உறுமினேன். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியையிடமிருந்து தொலைபேசி. பெயருக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் விழா அருமையாம், தாமே கரடியாக ஓட ஆசையாம்! கைதட்டல் அடங்கவே இல்லை. அவருக்குக் கொடுக்கவென்று தோலை என் தோளிலிருந்து உருவியவன், கட்டுப்போட்ட காலோடு வந்திருந்த பசீல். ரோமானியரையும் விட மனமில்லாத லூசெத், பின்னால் ஓர்சியஸ் ஒருவர் நடக்கட்டும் என்றாள். நான்தான். ரோமானிய உடை என்று ஒரு படுக்கை விரிப்பு, முழங்கால்வரை மட்டும். தெருவில் இன்னும் பனி உருகவில்லை. தோல் நிறத்தில் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வாங்கி அனுப்பு, ஆனால் பேராசிரியை கண்ணில் படாமல் வாங்கு. ரோமானியர்கள் காலுறை போட்டதில்லை என்று அதற்கும் ஆதாரம் காட்டுவார்.