பாய்மரப் படகுக்கு ஒரு சார்ஜர்

கடலுக்குப் போவதென்று நான் முடிவெடுத்தபோது எனக்கு வயது அறுபத்தொன்று. நீந்தத் தெரியாது. இரண்டாவது விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கதையை இதுவரை என் மனைவி யூஜினாதான் சொல்லிவந்தாள். கலியாண வீடு, செத்த வீடு என்று பார்க்கமாட்டாள். நான் பக்கத்திலிருந்து தலையாட்ட வேண்டும். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. இனி நான் சொன்னால்தான் உண்டு. திருத்த ஆளில்லாததால் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்தாறு வருஷம் கிளாக்கர் வேலை. வந்த கப்பலெல்லாம் எங்கெங்கோ போயின. நான் மட்டும் தினமும் ஐந்து மணிக்குக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. எங்கள் பால்கனியில் நின்றால் இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு முழம் கடல் தெரியும். பார்த்துவிட்டு வந்து கதிரையில் இருப்பேன். மறுபடி எழும்புவேன்.

"கதிரையிலை மூட்டைப்பூச்சியோ?" என்பாள் யூஜினா.

பெற்றோல், டீசல், காஸ் ஒன்றுமே கிடைக்காத அந்த 2022இல்தான் றேமண்ட் வந்தான். பழைய சினேகிதன், கப்பல் எஞ்சினியராக இருந்தவன். முகத்துவாரத்தில் ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தான். தெற்கே காலி ஊரைச் சுற்றித் திருகோணமலைக்குப் போகப் போகிறானாம். போய்வர இரண்டு வாரமாகுமாம்.

"காத்துக்குக் கியூ இல்லை மச்சான்," என்றான். "ஆனா ஒரு கரைச்சல். எஞ்சின் ஓடினாத்தான் பற்றறி சார்ஜ் ஆகும். டீசலுக்கு எங்கை போறது? லைற், றேடியோ எல்லாம் பற்றறியிலைதான். சோலார் பெனலிலை இருந்து சார்ஜ் ஆகிற மாதிரி இன்னொரு சார்ஜர் பூட்டித் தா. ரெண்டாவது படுக்கை உனக்கு. நீந்துவாய்தானே?"

"மீன் மாதிரி."

எந்த மீன் என்று அவன் கேட்கவில்லை. கருவாடும் மீன்தானே.

பற்றறி, பெனல், சார்ஜர் பெட்டி மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். இங்கே பூட்டிப் பழகிவிட்டு, பிறகு படகில் பூட்டுவது என் திட்டம்.

"இதென்ன?"

"கரண்ட் கட்டுக்கு. உமக்காகத்தான், யூஜினா."

"எனக்காகவோ?" அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அதிலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

எனக்கு யாரும் தொழில் கற்றுத் தந்ததில்லை. எல்லாம் புத்தகம் பார்த்துப் படித்ததுதான். அதிலும், சின்ன வயதில் கோயிலில் ஞானோபதேசம் படித்தமாதிரி ஒருவர் கேள்வி கேட்டு நான் பதில் சொன்னால்தான் மண்டையில் ஏறும். ஆகவே ஒரு தாளில் கேள்வி பதில் எழுதி யூஜினாவிடம் கொடுத்தேன். மூன்று நாள் அவள் மீன் வெட்டியபடியே கேட்டாள்.

"முதலாவதாகப் பூட்ட வேண்டியது எது?"

"பற்றறி."

"இரண்டாவதாக?"

"சோலார் பெனல்."

"மாறிப் பூட்டினால்?"

"பெட்டி எரியும்."

"பியூஸ் எங்கே இருக்க வேண்டும்?"

"சிவப்பு வயரில்... பெட்டிக்குப் பக்கத்தில்."

"பற்றறிக்குப் பக்கத்திலை. திரும்பச் சொல்லுங்கோ."

மூன்றாம் நாள் பெட்டியில் பச்சை லைற் எரிந்தது. கையைத் தட்டினேன். படகு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வெளிக்கிடுகிறது. வியாழன் மத்தியானம் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முகத்தைத் தொங்கவிட்டேன்.

"பழுதாப் போச்சு. பஞ்சிகாவத்தைக் கடைக்குக் கொண்டுபோய்த் திருத்த வேணும். ரெண்டு கிழமை எடுக்கும்."

"குடுத்திட்டு வாங்கோவன்."

"சாமானை மாத்திப்போடுவாங்கள். நானும் கூட நிக்க வேணும்."

"ரெண்டு கிழமையும்?"

"ஓம்."

"அப்ப மாத்திக் கட்டச் சாரமும் கொண்டுபோங்கோ."

இவ்வளவு லேசாக முடியுமென்று நான் நினைக்கவில்லை.

"ஆனா போக முதல் காஸ் எடுத்துத் தந்திட்டுப் போங்கோ. நாளைக்குக் காலமை லொறி வருதாம்."

நியாயமான கோரிக்கை. நான் பொய்யன்தான். அதற்காக மனைவியை அடுப்பெரியாமல் விட்டுப் போகிற பொய்யனில்லை. வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு கியூவில் நின்றேன். ஆறு மணி. எட்டு மணி. பத்து மணி. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றேன். மனம் மட்டும் காலியைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு மணிக்கு, லொறி வராது என்றார்கள். வெறும் சிலிண்டரோடு வீட்டுக்கு ஓடினேன்.

சாப்பாட்டு மேசையில் பாணும் சம்பலும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

"எங்கை சாமானெல்லாம்?"

"படகிலை."

"எந்தப் படகிலை?"

"றேமண்ட் அண்ணையின்ர படகிலை. பத்தரைக்கு வெளிக்கிட்டுட்டார்."

சிலிண்டர் மேலேயே இருந்துவிட்டேன்.

"நாலு மணி எண்டவன்..."

"நான்தான், காத்து நல்லாயிருக்கு, சுணங்காதையுங்கோ எண்டனான்."

"உமக்கு ஆர் சொன்னது?"

"பற்றறியிலை மீன் செதில் ஒட்டியிருந்துது. கரண்ட் கட்டுக்கு மீன் செதில் என்னத்துக்கு? அண்டைக்கே அவருக்குப் போன் எடுத்தனான். உங்களுக்கு நீந்தத் தெரியாதெண்டு சொல்ல, மனுசன் நெஞ்சிலை கை வச்சிட்டார்."

"அப்ப என்ர படுக்கை?"

"பக்கத்து வீட்டுப் புவாத்துக்கு. முகத்துவாரத்திலை நீந்தி வளந்த பொடியன். த்ரீவீலிலை இருந்த கடைசிப் பெற்றோலிலை என்னையும் சாமானையும் கொண்டுபோனவன், அப்பிடியே ஏறிட்டான்."

"ஆர் பூட்டினது?"

"நான்தான்."

"நீரோ!"

"மூண்டு நாளாக் கேள்வி கேட்டவளுக்குப் பதில் தெரியாதோ? சட்டை தோய்க்கேக்கை பியூஸும் கிடைச்சுது."

எனக்குக் கோபம் வந்தது. கத்துவதற்காக எழும்பினேன். அவள் பால்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"ரெண்டு கிழமை நான் அங்கை நிண்டு அந்த ஒரு முழக் கடலைப் பாத்துக்கொண்டிருக்க வேணுமோ?"

நான் பாணைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்தேன்.

ஆனாலும் தொழில் தெரிந்தவனுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும். கடலில் ஏதாவது பிசகினால் றேமண்ட் யாரைத் தேடுவான்? என்னைத்தான். மூன்றாம் நாள் காலியிலிருந்து போன் வந்தது.

"மச்சான், சார்ஜரிலை சிவப்பு லைற் எரியுது!" றேமண்ட் கத்தினான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். தாளை எடுத்து மேசையில் விரித்தேன். தொண்டையைச் செருமினேன்.

"பயப்பிடாதை. சொல்லு, என்ன செய்ய வேணும்?"

"போனை யூஜினாவிட்ட குடு."