ஆயிரத்தைந்நூறு வருஷத்து மிளகு

மூக்கில் மரு இருக்கிறவன் எந்த வைத்தியத்தையும் நம்புவான். எனக்கு மூக்கின் நுனியிலேயே இருந்தது. சின்ன மருதான். ஆனால் என்னிடம் பேசுகிறவர்கள் எல்லாரும் கண்ணை விட்டுவிட்டு அதைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

அப்போது நான் அமீரகத்தில், கடலோர மணல்மேடு ஒன்றில், பழைய ஊரைத் தோண்டும் வேலையில் இருந்தேன். (எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்குத் தொல்லியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கூடையில் மணல் சுமப்பதும் தொல்லியல்தான்.) அதற்கு முன் ஃபஹாஹீல் மீன்சந்தையில் மீன் வெட்டினேன். பிறகு முசஃபாவில் வெல்டிங் பட்டறை. அது மூடியதும் ஒரு கேரேஜின் பின்னால் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருந்தேன். இந்தக் கேம்ப்பில் கட்டில் இருந்தது, தினமும் ரசம் இருந்தது.

தோண்டலுக்குத் தலைவி ஒரு வெள்ளைக்காரம்மா. மேடம் என்போம். மண்ணைத் தள்ளும் தூரிகை கொஞ்சம் வேகமாகப் போனாலே, "ஸ்லோ, பாய், ஸ்லோ!" என்பார். அது சூரியனைக் கும்பிட்ட ஊர். நடுவில் கோயில், சுற்றிலும் வேறு சாமிகளுக்குப் பலிபீடங்கள். அதன் ஓரத்தில் ஒரு சின்ன வீட்டுச் சுவரில், சுண்ணாம்புச் சாந்தில் செய்த, ஆயிரத்தைந்நூறு வருஷத்துப் பழைய சிலுவை கிடைத்தது. இத்தனை சாமி இருந்த ஊருக்கு இயேசுவின் செய்தியை யார் கொண்டுவந்தார்கள், எந்தக் கடல்வழியாக? மேடத்துக்கு அந்த நினைப்புத்தான்.

எங்களுக்கு வேறு கவலை. மறுநாள் ஓர் அரபி அதிகாரி வருகிறார். அவருக்குப் பிடித்தால் வேலை தொடரும். இல்லையென்றால் கலாஸ், எல்லோரும் ஊருக்கு. எனக்கோ அந்த வெள்ளிக்கிழமை, பேசி வைத்திருந்த பெண்ணின் அண்ணன், இங்கேயே கராமாவில் வேலை பார்ப்பவர், மாப்பிள்ளை பார்க்க வருகிறார். வேலையும் இல்லாமல் இந்த மூக்கையும் வைத்துக்கொண்டு அவர் முன்னால் எப்படி நிற்பது?

எங்கள் கடற்கரையில் மரு வந்தால் குருசடியில் உப்பும் மிளகும் போட்டு நேர்ந்துகொள்வோம். (குருசடி என்றால் தெருமுனையில் சிலுவை நட்ட சின்னக் கோயில்.) அந்தச் சிலுவை எனக்குப் பழம்பொருளாகவே தெரியவில்லை, குருசடியாகத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் கேம்ப் சமையலறையிலிருந்து ஒரு கை கல்லுப்பும், இருந்த மிளகு பாக்கெட்டில் பெரும்பகுதியும் எடுத்துப் போனேன். சிலுவையடியில் போட்டு, "மரு போகணும், வேலை போகக்கூடாது" என்று ஒரே நேர்ச்சையில் இரண்டையும் கேட்டேன். ராத்திரி அடித்த காற்றில் எல்லாம் மணலுக்குள் போய்விட்டது.

காலையில் அதிகாரிக்குச் சிலுவையைக் காட்ட மேடம் மண்டியிட்டு மணலைத் தள்ளினார். கறுப்பாக, உருண்டையாக ஒன்று வந்தது. பிறகு பத்துப் பதினைந்து.

"பெப்பர்!" என்றார். மிளகேற்றி வந்த கப்பலில்தான் அந்தச் செய்தியும் வந்திருக்கிறது, நன்றிக்காணிக்கையாக வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரியிடம் மூச்சுவிடாமல் சொன்னார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

வாயைத் திறக்காமல் நின்றால் வேலை நிச்சயம். ஆனால் கோயிலில் முதல்தடவை அப்பம் வாங்கும் புதுநன்மைப் பிள்ளை மாதிரி இருந்தது அந்தம்மாவின் முகம். நாளைக்கே உலகத்துக்கெல்லாம் சொல்லிவிடுவார். பிறகு யாராவது சிரிப்பார்கள்.

"மேடம், திஸ் பெப்பர்... மை கிச்சன். எஸ்டர்டே."

"ஸ்லோ, பாய், ஸ்லோ" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்த நேரம் பார்த்துச் சாயா ஃபிளாஸ்க்கோடு வந்தார் எங்கள் சமையல்காரர் மாணிக்கம் அண்ணன், அறந்தாங்கிக்காரர். குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அடப்பாவி! மொளகு பத்தாம ரசம் வச்சு நேத்து அத்தன பேருகிட்டயும் ஏச்சு வாங்குனேன். இங்கயா கொண்டாந்து கொட்டிவச்சிருக்க?"

"நேர்ச்சைண்ணே. மருவுக்கு."

"மரு மூக்குலதானடா இருக்கு! மூக்குல அப்பித் தொலையிறதுதான!"

ஓடிப்போய் மிச்சப் பாக்கெட்டைக் கொண்டுவந்து, மேடம் கையில் நாலு மிளகைக் கொட்டினார். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசமே இல்லை. அதிகாரி, "க்யா ஹுவா?" என்றார், என்ன ஆச்சென்று. அண்ணன் தன் கல்ஃப் இந்தியில், ரசம் உட்பட, ஒன்று விடாமல் சொன்னார்.

அதிகாரி என் மூக்கையே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு தலைத்துணியை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினார். அங்கே என்னுடையதைவிடப் பெரிய மரு.

"டீக் ஹோ ஜாயே தோ முஜே போல்னா" என்றார். சரியானால் சொல்லியனுப்ப வேண்டுமாம்.

மேடம் சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரச் சிரித்தார். அதில் கொஞ்சம் நிஜக் கண்ணீர் என்று எனக்குத் தெரியும். பிறகு குழியோரம் உட்கார்ந்து, எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்: "அன்றைக்கும் உன்னைப் போல ஒருத்தன்தான் ஏதாவது கேட்டு இங்கே வந்திருப்பான்."

சிலுவை அதிகாரிக்குப் பிடித்திருந்தது. வேலை தொடர்ந்தது. உப்பு அந்தச் சாந்தை அரித்துவிடுமாம். ஒவ்வோர் உப்புக்கல்லாக இடுக்கியால் பொறுக்கும் தண்டனை எனக்கு. அதற்குள் கதை கராமாவுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வந்த பெண்ணின் அண்ணன் என் சம்பளத்தைக் கேட்கவில்லை. "மூக்கக் காட்டுங்க மாப்ள" என்றுதான் முதலில் கேட்டார்.

கல்யாணம் நடந்தது. மரு போகவில்லை. வீட்டில் பொங்கல் செய்தால், இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த என் மகள் இன்றும் மிளகை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள். நான் "சாப்பிடு" என்று அதட்டினால், ஒரு விரலால் சோற்றை மெல்லத் தள்ளிக்கொண்டே சொல்வாள்: "ஸ்லோ, பாய், ஸ்லோ."