பஸ்ஸை நிறுத்திய பெருங்காயம்

நேத்து எனக்கு ஒரே வேலைதான். ஸ்ரீரங்கம் போய் ஊறுகாய்க்குப் பெருங்காயம் வாங்கிட்டு வரணும்.

"பவுடர் வேணாம். பிசின் மாதிரி இருக்குமே, அந்தக் காயம். மோந்து பாத்து வாங்குங்க"ன்னு மனைவி சொன்னா.

மோந்து பாக்குறதா? சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கா! காலையிலதான் வாசனையைப் பத்தி ஒரு வீடியோ பாத்திருந்தேன்.

கடையில போய் நின்னதுமே ஆரம்பிச்சேன். "மூக்குக்குள்ள வாசனையைப் பிடிக்கிற ரிசெப்டர் நூத்துக்கணக்கான வகையில இருக்குங்க. ஒவ்வொரு வாசனைக்கும் அதுல ஒரு கூட்டம் முழிச்சுக்கும். எந்தக் கூட்டம்னு பாத்துதான் மூளை இது காபி, இது காயம்னு சொல்லுது."

கடைக்காரர் பொறுமையா கேட்டார். "சரிங்க. டப்பாவுல தரட்டுங்களா, கவர்லயா?"

"கவரே போதும்."

ஒவ்வொரு துண்டா மோந்தேன். முதல் துண்டுல கண்ணுல தண்ணி வந்துச்சு. கடைசித் துண்டுல வாசனையே இல்ல. ஆஹா, இதான் பக்குவமான சரக்கு! வாங்கிப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறி, பையை மடியில வச்சுக்கிட்டேன். நல்ல வெயில்.

காவிரிப் பாலம் ஏறினதும் முன் சீட்டு அம்மா முந்தானையால மூக்கைப் பொத்தினாங்க. "ஐயோ, என்ன நாத்தம்!"

எனக்கு ஒரு நாத்தமும் வரல. ஆனா நிபுணர் சும்மா இருக்கலாமா?

"கந்தகம் கலந்த வாசனைம்மா. துளி இருந்தாலும் மூக்கு கண்டுபிடிச்சிடும். அழுகின முட்டையில வருமே, அது!" சொல்லிட்டு, பக்கத்து சீட்டுல சாப்பாட்டுத் தூக்கோட உக்காந்திருந்த மாமாவை ஒரு பார்வை பாத்தேன்.

மாமா கொதிச்சுட்டார். "முட்டையா? எங்காத்துல அந்தப் பேரையே எடுக்கமாட்டோம்! பாருங்கோ!" தூக்கைத் திறந்து காட்டினார். தயிர் சாதம்.

விட்டேனா? "அப்போ கேஸா இருக்கும். சிலிண்டர்லயும் இதே மாதிரி கந்தகத்தைத்தான் கலக்குறாங்க."

அவ்வளவுதான்! "கேஸ் லீக்காம்!"னு பின்னாடி ஒரு குரல். டிரைவர் பிரேக் போட்டார். மொத்த பஸ்ஸும் நடுப்பாலத்துல இறங்கிடுச்சு. முதல்ல குதிச்சது நான்தான்.

கண்டக்டர் பஸ்ஸுக்குள்ள மோந்து பாத்தார். ஒண்ணுமில்ல. வெளியில வந்து ஒவ்வொருத்தரா மோந்துக்கிட்டே வந்தவர், என்கிட்ட வந்ததும் நின்னுட்டார்.

"சார், பேன்ட்ல என்ன?"

குனிஞ்சு பாத்தேன். காயம் உருகி, கவர் பிஞ்சு, பையைத் தாண்டி என் தொடை வரைக்கும் வழிஞ்சிருந்துச்சு.

"இவ்வளவு நாத்தம் உங்களுக்குத் தெரியலையா?"

"அது வந்து... ஒரே வாசனையை ரொம்ப நேரம் மோந்தா, ரிசெப்டர் களைச்சுப்போய்..."

"நடந்துக்கிட்டே யோசிங்க சார். ரைட், போலாம்!"

பஸ் கிளம்பிடுச்சு. ஜன்னல்ல மாமா மட்டும் தூக்கைத் தூக்கிக் காமிச்சுக்கிட்டே போனார். ஒரு ஆட்டோகூட என்னை ஏத்திக்கல.

உறையூர் வரைக்கும் நடந்து வீடு வந்து சேர்ந்தேன். உள்ள மனைவி வாணலியில எதையோ வறுத்துக்கிட்டு இருந்தா.

"நீங்க வர்ற மாதிரி தெரியல. எதிர் வீட்டுல காயம் வாங்கி, ஒரு மணி நேரமா வறுத்துக்கிட்டு இருக்கேன். குடுங்க, பாப்போம்."

கவர்ல ஒட்டியிருந்த மிச்சத்தை நீட்டினேன். ஆழமா ஒருதடவை மோந்து பாத்தா.

"என்னங்க இது, வாசனையே இல்ல. போய் மாத்திட்டு வாங்க."