தொடக்கக் கோப்பில் ஒரு வரவேற்புரை

இயந்திரத்துக்கும் வணக்கம் சொல்லத் தெரிந்த நிர்வாகம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது திருவனந்தபுரத்தில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. சுமந்த் அங்கேதான் வேலை பார்த்தான்.

லினக்ஸ் சர்வருக்குள் யார் நுழைந்தாலும் முதலில் ஓடுவது தொடக்கக் கோப்பு. எந்த நிரல் எங்கே இருக்கிறது, எந்த மொழியில் பேச வேண்டும் என்கிற விவரங்களை, வேண்டும்போது மதிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளும் சூழல் மாறிகளாக அதில் எழுதிவைப்பார்கள். மேனேஜர் சாம்பசிவன் அந்த வறண்ட கோப்புக்கு 'மனிதநேயம்' ஊட்டினார். உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் எம்.டி.யின் பெயரால் நாலு வரி வரவேற்புரை.

"சார், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரும் இது வழியாத்தான் வந்து ரிப்போர்ட்டை எடுக்கும். நடுவுல நம்ம பேச்சு வந்தா குழம்பி நின்னுடும்," என்றான் சுமந்த்.

"வணக்கம் சொன்னா நின்னு கேக்கறதுதானப்பா மரியாதை."

மரியாதை நிமித்தம் எல்லாம் நின்றது.

மத்தியானம் கம்பெனி டிரைவர் வன்னியராஜ் வித்துரா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். அவன் மனைவி பூமாரிக்கு டெங்கு.

"சாரே, ரிப்போர்ட் வரல்லன்னு டாக்டர் சொல்லுதாரு. போன்ல சொன்னா ஏத்துக்க மாட்டாராம். ஒண்ணு பாருங்க சாரே."

வந்திருப்பது மனிதனா என்று பார்த்துவிட்டுப் பேசு: கோப்பில் இப்படி ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் கோப்பைத் திறக்கும் பாஸ்வேர்ட் சாம்பசிவனிடம். அவர் கூட்டம் கூட்டினார்.

"வரவேற்புரையை எடுக்கணும்னா எம்.டி. ஒப்புக்கணுமே. அவர் பேரு இருக்கோல்லியோ அதுல."

"எடுக்க வேண்டாம் சார். மனுஷங்களுக்கு மட்டும் காட்டலாம்."

"அது பாரபட்சம்."

"பூமாரிக்கு ரத்தம் ஏத்தணுமான்னு அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சார் சொல்லுவாங்க."

"அதனாலதானே அவசரக் கூட்டம்," என்றார் சாம்பசிவன். எல்லாருக்கும் டீயும் பழம்பொரியும் வந்தன.

சுமந்த் ரிப்போர்ட்டை அச்செடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினான். வித்துராவில் மழை. வன்னியராஜ் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தான். காகிதத்தை வாங்கினான், பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தான்.

"இனி வேண்டாம் சாரே."

மறுநாள் நிர்வாகம் கலங்கிப் போயிருந்தது. கலக்கத்திலும் கடமை தவறவில்லை. வரவேற்புரைக்குக் கீழே ஓர் இரங்கலுரை சேர்ந்திருந்தது. பூமாரியின் பெயரை நேரடியாக எழுதாமல் ஒரு மாறியில் வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பில் முறைப்படி செய்யப்பட்ட முதல் காரியம் அதுதான். சுமந்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த தடவை பேரை மட்டும் மாத்தினாப் போதும்," என்றார் சாம்பசிவன்.