துணி சுற்றிய மணி

வரைபடம் வரைந்தவர்கள் களைத்துப்போய் எழுதுகோலைக் கீழே வைத்த இடத்தில் ஒலிபுரி என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மகாராஜா அயராதவர்மர். அவருக்காக அயர்ந்துபோக ஒரு தெருவே இருந்ததால் அவர் அயராமல் இருந்தார்.

அந்தத் தெருவுக்கு எழுத்தர் தெரு என்று பெயர். அரண்மனைக்கு ஓலை எழுதும் நாற்பது குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வெண்கல மணி தொங்கியது. அதன் கயிறு கூரை வழியாக வெளியேறி, மரங்களைக் கடந்து, அரண்மனைக்குப் போயிற்று. பகல் வேலை முடிந்து எழுத்தர்கள் வீடு திரும்பிய பிறகும் அமைச்சருக்கு ஏதாவது தோன்றினால் கயிற்றை இழுப்பார். எழுத்தர் ஓட வேண்டும். ஓடிப்போய் மூச்சு வாங்க நின்றால், "ஒன்றுமில்லை, நாளைக் காலை நினைவுபடுத்து என்று சொல்லத்தான் அழைத்தேன்" என்பார்.

குடிமக்களுக்கும் ஒரு மணி இருந்தது. அரண்மனை வாசலில் தொங்கிய ஆராய்ச்சி மணி. குறை உள்ள எவரும் அதை அடிக்கலாம். மன்னர் எழுந்து வந்து கேட்பார். எழுத்தர்களுக்குக் குறை இருந்தது. அதை அடிக்க நேரம்தான் இருக்கவில்லை.

தெருவிலேயே அழகான கையெழுத்து ராசவல்லியுடையது. ஆறு மாதமாக அவள் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டதில்லை. மணி அடிக்காதபோதும் அவள் காதில் மணி அடித்தது. பாதிப் பல்லாங்குழியில் எழுந்து ஓடும் அம்மாவுக்காக எட்டு வயது மகள் குயிலி சோழிகளைக் கலைக்காமல் காத்திருப்பாள். ராசவல்லி திரும்பும்போது பலகைமேல் தலை வைத்துத் தூங்கியிருப்பாள்.

பக்கத்து வீட்டு அஞ்சுகத்துக்கும் அதே வேலைதான், அதே மணிதான். ஆனால் அந்த வீட்டிலிருந்து மாலைதோறும் மீன் வறுக்கும் வாசனை வந்தது, சிரிப்பு வந்தது, அஞ்சுகத்தின் பாட்டு வந்தது. ராசவல்லியால் பொறுக்க முடியாதது அந்தப் பாட்டுதான். சுருதி சேர்ந்திருந்தாலாவது மன்னித்திருப்பாள். இவ்வளவு மோசமாகப் பாட ஒருத்திக்கு எவ்வளவு நிம்மதி இருக்க வேண்டும்!

கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் ஒருநாள் உள்ளே நுழைந்தாள். அஞ்சுகத்தின் மணியின் நாக்கில் மஞ்சள் பூப்போட்ட நீலத் துணி ஒன்று சுற்றியிருந்தது.

"என்னடி, உன் மணிக்குத் தொண்டை கட்டிருச்சா?"

"பகலெல்லாம் கத்துதுல்லக்கா? பொழுது சாஞ்சா கட்டிருவேன். விடிஞ்சா அவுத்துருவேன்."

"மேலிடத்துல கூப்பிட்டா?"

"காலைல போய் என்னன்னு கேப்பேன். பாதி நாளு கூப்பிட்டதே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. இதுவரைக்கும் நாடு ஒண்ணும் கவுந்துபோயிடல." அஞ்சுகம் சிரித்தாள். "அதே சேலைல மிச்சம் இருக்கு. உனக்கும் ஒரு துண்டு கிழிக்கட்டா?"

"எனக்கெதுக்குடி? நான் என்ன உன்ன மாதிரி வேலைக்கு ஒளியிறவளா?"

துணியையும் வாங்கவில்லை, கறிவேப்பிலையையும் மறந்து வந்துவிட்டாள். அன்று மாலை அவளுடைய மணி நான்கு முறை அடித்தது. நான்கு முறையும் அஞ்சுகத்தின் வீட்டைக் கடந்துதான் ஓடினாள். நான்காம் முறை பாட்டு கேட்டது.

ராசவல்லி மனு எழுதினாள். 'எங்களுக்கு இல்லாத மாலைப் பொழுது அவளுக்கு மட்டும் ஏன்?' என்று கேட்டு, துணி சுற்றும் முறையையும் விளக்கியிருந்தாள். முப்பத்தொன்பது வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். எங்களுக்கும் மாலைப் பொழுது வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் மதியம் அரண்மனை வாசலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை அடித்தாள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மணி ஒலித்தது. மதிய உறக்கத்திலிருந்த மன்னர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார்.

"யார் அது? என்ன வேண்டுமாம்?"

"நீதி வேண்டுமாம், மகாராஜா" என்றார் நலத்துறை அமைச்சர் திருவாளர் கடமையழகனார், மனுவைப் படித்துவிட்டு. "ஒரு பெண் மணியின் நாக்கில் துணி சுற்றுகிறாளாம்."

"நாம் அழைத்தபோது அவள் வரவில்லையா?"

"வந்தாளா இல்லையா என்று நாம் பார்ப்பதில்லை, மகாராஜா. அழைப்பது மட்டுமே நம் கடமை."

மன்னர் முழங்கையைத் தடவிக்கொண்டார். "துணி சுற்றினால் ஓசை சிறிதும் கேட்காதா?"

"கேட்காது என்று மிக அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்."

மன்னர் நெடுநேரம் சிந்தித்தார்.

மறுநாள் மன அமைதிச் சட்டம் முரசறைந்து அறிவிக்கப்பட்டது. 'ஒருவரின் அமைதி பிறர் மனதைப் புண்படுத்துவதால், இனி அமைதி அனைவருக்கும் சமமாகப் பகிரப்படும்.' வீரர்கள் அஞ்சுகத்தின் துணியைப் பறித்துப் போனார்கள். அண்டை வீட்டாரைப் பற்றிய புகார்களுக்காகத் தெருமுனையில் ஒரு பெட்டியும் வைத்தார்கள்.

அன்று மாலை அஞ்சுகத்தின் மணி அடித்தது. அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவதை ராசவல்லி சன்னல் வழியே பார்த்தாள். கையில் இருந்தது பழஞ்சோறுதான். ஆனாலும் ஆறு மாதத்தில் அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டதில்லை.

அடுத்து, எழுத்தர்கள் களைத்திருப்பதாகத் தெரியவந்ததால், மாலைதோறும் அரண்மனையில் மன அமைதி வகுப்பு நடக்கும் என்று ஆணை வந்தது. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து மூச்சை எண்ண வேண்டும். வராதவர் வீட்டில் கூடுதலாக இன்னொரு மணி கட்டப்படும். ஒரு மாதத்தில் அஞ்சுகம் பாடுவதை நிறுத்திவிட்டாள். பிறகு பெட்டியில் ஒரு புகார் விழுந்தது: 'பெற்றோர் வகுப்பில் இருக்கையில் பிள்ளைகள் வீட்டில் விளையாடுகிறார்கள்.' ஏழு வயது கடந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சின்ன மணி வந்தது.

"அம்மா, எனக்கும் மணி வந்துருச்சு!" என்று குயிலி குதித்தாள்.

மறுநாள் மாலை ராசவல்லி முதன்முறையாக வகுப்புக்குப் போகவில்லை. மகளின் எதிரே உட்கார்ந்து சோழிகளைப் பங்கிட்டாள். மூன்றாம் குழியில் போடும்போது மணி அடித்தது. பெரிய மணி இல்லை.

"கலைச்சிராதம்மா, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு குயிலி ஓடினாள்.

ராசவல்லி கொஞ்ச நேரம் சோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்புப் போடாமல் அரண்மனை வாசலுக்கு ஓடி, ஆராய்ச்சி மணியின் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தாள். ஓசை வரவில்லை. மறுபடி இழுத்தாள். காவலன் வாயில் விரல் வைத்து, "மெதுவாம்மா, மகாராஜா தூங்குறாரு" என்றான். அவள் அண்ணாந்து பார்த்தாள். மணியின் நாக்கில், மஞ்சள் பூப்போட்ட நீலத் துணி.

வகுப்பு முடிந்து தெருக்காரர்கள் திரும்பியபோது ராசவல்லி தெருமுனையில் நின்று, பாதிப் பல்லாங்குழியில் குயிலி எழுந்து ஓடியதையும் ஆராய்ச்சி மணியில் கண்டதையும் அழுதுகொண்டே சொன்னாள். "நாம எல்லாருமாச் சேர்ந்து போய்க் கேப்போம். என் புள்ளைக்கு எட்டு வயசுதான்யா ஆகுது!"

 ஓலை நறுக்கும் வேலாயி, "பாவம் மகாராஜா. அவருக்கு எவ்வளவு வேலை! கண்ணசர வேணாமா?" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து அஞ்சுகம் முன்னே வந்தாள். அவள் கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. ராசவல்லியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நாங்க அத்தன பேரும் அங்க மூச்ச எண்ணிக்கிட்டிருந்தோம். அக்கா மட்டும் வீட்டுல பல்லாங்குழி ஆடிருக்காங்க. அது எப்படி?"

முப்பத்தெட்டு வீட்டாரும் ராசவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருகிட்டயாவது ஓலை இருக்கா?" என்று கேட்டாள் அஞ்சுகம். அவளுடைய கையெழுத்தும் மோசமில்லை. பக்கத்திலேயே பெட்டி இருந்தது. அதன் வாய் எந்நேரமும் திறந்தே இருக்கும்.