பழைய டின்னும் ஆகாத மூன்று நாக்கும்

திருவண்ணாமலையிலேயே சந்தேகத்தில் சூப்பு சாரை மிஞ்ச ஆள் கிடையாது. கோயிலில் அர்ச்சனைத் தட்டு கொடுப்பதற்கு முன்பே தேங்காயில் பேனாவால் அடையாளம் வைப்பார். திரும்பி வரும் மூடி தன்னுடையதுதானா என்று பார்க்க வேண்டுமாம்.

தொண்ணூறுகளின் நடுவில் செங்கம் ரோட்டு லாட்ஜ் ஒன்றில் மாத வாடகைக்கு இருந்தேன். பக்கத்து அறை அவருடையது. கோர்ட்டில் கிளார்க், தனிக்கட்டை. லாட்ஜில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன டின் தக்காளி சூப்பைக் குடித்துப் பார்த்தவர், அப்படியே அடிமையாகிவிட்டார்; பெயரும் அதனால்தான் வந்தது. ஊரில் ஒரே ஒரு கடையில்தான் அது கிடைக்கும்.

ஒருநாள் டின்னில் லேபிள் மாறியது. 'புதிய சுவை' என்று போட்டிருந்தான். சாருக்குத் தூக்கம் போயிற்று.

"கேக்காமயே புதுசுனு சொல்றான் பாரு. எதையோ கம்மி பண்ணிட்டான்."

சர்க்கரை ஜாஸ்தி, தக்காளி கம்மி என்பது அவர் குற்றச்சாட்டு. நிரூபிக்கக் கையில் இருந்தவை இரண்டே பழைய டின்கள். ஒன்றைப் பௌர்ணமியன்று திறந்து, பழையதும் புதியதுமாக டம்ளர்களில் ஊற்றி வழியில் நின்றார். கிரிவலம் முடித்து வந்தவர்கள் இரண்டையும் மடமடவென்று குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு குடித்த லாட்ஜ் வாட்ச்மேன் இரண்டும் ஒன்று என்றார். ஜுரத்தில் கிடந்த மேனேஜர் இரண்டும் கசக்கிறது என்றார்.

சார் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"பசிச்ச நாக்கு, வெத்தல நாக்கு, ஜுர நாக்கு. மூணும் சாட்சிக்கு ஆவாது."

கடைசி டின் பீரோவுக்குள் போனது. சாவி அரைஞாணில். வெற்றிலை, சிகரெட் தொடாத என் நாக்குதான் அடுத்த சாட்சி. ஆனால் தேதி குறிப்பார், வாய்தா வாங்குவார். காலையில் காபி குடித்தாயா என்று என் வாயை முகர்ந்து பார்ப்பார். அந்த டின்னைத் திறந்துவிட்டால் வழக்குக்கு வேறு ஆதாரம் கிடையாதே.

அதற்குள் எனக்கு டைபாய்டு வந்தது. மூன்று நாள் கஞ்சிகூடத் தங்கவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. நாலாம் நாள் காலை பக்கத்து அறையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்டவ் சத்தம். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் காலி டின்னுடன் சார் வந்தார். பழைய லேபிள்.

"சார், ஜுர நாக்கு ஆவாதுனு சொன்னீங்களே."

"தெரியும். குடி."

வெந்நீர் மாதிரிதான் இருந்தது. ஆனால் முதல்முறையாக வயிற்றில் தங்கியது. எதற்காக இதைத் திறந்தீர்கள், புதியது இருக்கிறதே என்று கேட்டேன். காலி டின்னை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

"புதுசுல என்னா கலந்தானோ. உனக்குக் குடுக்க மனசு வரல."

பிறகு அந்த வழக்கைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்த சூப்பின் ருசி எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என்னிடம் யாராவது சாட்சி கேட்டால், பழையதுதான் ருசி என்று கற்பூரம் அடித்துச் சொல்வேன்.